அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய்: எதிரே நிற்பது முதல் மனுக் கொடுப்பது வரை

காவிரிப் படுகையின் ஊர்களில், நான் பார்த்தவரை, வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்பவர்கள் குறைவு. பகல் முழுவதும் கொல்லையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் வாசற்கதவைத் திறந்து, அது யார் வீட்டு வாசலிலாவது காலைக்கடனை முடித்துவிட்டுத் திரும்பட்டும் என்று அவிழ்த்துவிடுபவர்களே மிகுதி. அந்த நேரத்தில்தான் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் குனிந்திருப்பார்கள். பால்காரரும் பேப்பர் போடும் பையனும் சைக்கிளில் வருவார்கள். தூய்மைப் பணியாளர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நடவுக்குச் செல்லும் பெண்கள் தூக்குவாளியோடு சாலையோரம் வேனுக்காகக் காத்திருப்பார்கள். நாள் முழுவதும் அடக்கிவைத்த ஓட்டத்தையும் துள்ளலையும் அந்த நாய் அரைமணி நேரத்தில், இவர்கள் நடுவில்தான் தீர்த்துக்கொள்கிறது.

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், எழுபத்தொரு வயதான என் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, தெருக்கோடி வீட்டில் வளரும் லாப்ரடார் நாய் ஓடிவந்து பின்னாலிருந்து அவர் தோளில் முன்னங்கால்களைப் போட்டது. அது கடிக்கவில்லை, உறுமவும் இல்லை; விளையாடத்தான் வந்தது. அம்மா நிலைதடுமாறி, வாசற்படியில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சத்தம் கேட்டு வந்த உரிமையாளர் முதலில் சொன்னது, “பயப்படாதீங்கம்மா, அது ஒன்னும் பண்ணாது” என்பதுதான். அவர் பொல்லாதவர் அல்லர். தான் சொன்னதை உண்மையாகவே நம்பினார். ஆனால் தன் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாயை அறிந்தவர் அவர். இருட்டில் ஓடிவரும் நாயை அறிந்தவர் என் அம்மா. தெருவில் எது ஆபத்து என்பதை முடிவு செய்யும் உரிமை அம்மாவுக்குத்தான் உண்டு என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் கற்றவற்றையும், பிறகு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தபோது அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நானும் ஒரு நாட்டு நாய் வளர்க்கிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாய்களின் மேல் கோபம் கொண்டு எழுதுவது அன்று இது.

முதலில், அது யாருடைய நாய்?

இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளாமல் எங்கும் போகக் கூடாது, ஏனெனில் தெருநாய்க்கு ஒரு வழியும் வளர்ப்பு நாய்க்கு வேறு வழியும் சட்டத்தில் உள்ளன. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது. வீட்டில் வளர்க்கும் நாய்க்கு இவையெல்லாம் உரிமையாளரின் பொறுப்பு. வளர்ப்பு நாயைப் பற்றிய புகாரை “தெருநாய்த் தொல்லை” என்று எழுதிக் கொடுத்தால் நடப்பது என்னவென்றால், நாய் பிடிக்கும் வண்டி வரும், உரிமையாளர் தன் நாயை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார், மூலையில் சுருண்டு கிடந்த அப்பாவி நாய் ஒன்று வலையில் அகப்படும்.

நம் ஊர்களில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. சோறு போடுவார்கள், பெயர் வைத்திருப்பார்கள், பைரவர் என்று வெள்ளிக்கிழமை பிஸ்கட்டும் வாங்கிப் போடுவார்கள், அந்த வீட்டுக்காகவே அது குரைக்கும். யாரையாவது கடித்துவிட்டால் மட்டும் “அது நம்ம நாய் இல்லைங்க, சும்மா வாசல்ல கெடக்கும்” என்பார்கள். இந்த மறுப்பு நாளை வரும் என்று இன்றே எதிர்பார்த்துச் சான்றுகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கழுத்தில் பட்டை உண்டா, பெயர் சொல்லி அழைத்தால் யாரிடம் போகிறது, இரவில் எந்த வீட்டுக்குள் படுக்கிறது, எந்த வாசலில் கட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பல நாட்கள் கவனித்து எழுதி, தெருவில் நின்றபடியே படமும் எடுத்து வைக்கலாம். அவர்கள் வீட்டு எல்லைக்குள் நுழைந்து படம் எடுக்க வேண்டாம். அது வேறு வழக்குக்கு இடம் கொடுத்துவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் அந்த நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தால், உரிமையாளர் பெயரோடு அட்டை இருக்கும். கடித்த பின் மருத்துவர் கேட்கும்போது அந்த அட்டையே உரிமைக்கும் சான்றாகிவிடுகிறது.

கூடவே ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, மணி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு வரி போதும். நான் எழுதிய குறிப்பில் பத்துப் பதிவுகள் சேர்ந்தபோதுதான், ஏறத்தாழ எல்லாமே காலை 5 மணிக்கும் 5:40க்கும் இடையில் நடந்தவை என்பது தெரிந்தது. “எப்பொழுதும் அவிழ்த்துவிடுகிறீர்கள்” என்று சொன்னால் சண்டை வரும். “காலையில் அந்த நாற்பது நிமிடம்” என்று சொல்ல முடிந்தால் பேச்சுக்கு இடம் கிடைக்கும்.

எதிரே வந்துவிட்டால்

ஓடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் உடம்பு கேட்பதில்லை. ஆகவே முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். நின்றுவிடுங்கள், நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், கைகளை மார்போடு சேர்த்து வையுங்கள், கையில் குடையோ பையோ இருந்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் அதைப் பிடியுங்கள். சைக்கிளில் வருபவர் இறங்கி, வண்டியையே குறுக்கே நிறுத்திக்கொள்ளலாம். நாய் மோப்பம் பிடித்துவிட்டு விலகும்போது, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு இதை “மரம் மாதிரி நில்லு, விழுந்தா மூட்டை மாதிரி சுருளு” என்று சொல்லி விளையாட்டாகவே பழக்கலாம்.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் கல் எடுப்பதுபோலக் குனிவோம். கல்லடி பட்டுப் பழகிய நாய் அந்த அசைவைக் கண்டதும் விலகிவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த ராட்வீலருக்கோ ஜெர்மன் ஷெப்பர்டுக்கோ அந்த அசைவின் பொருள் தெரியாது. குனிபவரின் முகமும் கழுத்தும் அதன் வாய்க்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடுவதுதான் மிச்சம். கழுத்துப்பட்டை உள்ள நாயின் முன் குனியாதீர்கள். வால் ஆட்டுகிறது என்பதாலும் அருகில் போக வேண்டாம். வாலை விறைப்பாக உயர்த்திச் சிறிதாக ஆட்டிக்கொண்டு, உடல் இறுகி, முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும் நாய் நட்பாக நிற்கவில்லை.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு ஆற்றங்கரைச் சாலைகள்தான் பெரிய சோதனை. கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் சாலை குறுகல். ஒருபுறம் ஆறு, மறுபுறம் பள்ளத்தில் வயல். துரத்தும் நாயிடமிருந்து தப்ப வேகத்தைக் கூட்டினால் அது மேலும் துரத்தும். சறுக்கினால் விழுவதற்கும் இடமில்லை. வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்றேவிட்டால், துரத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் பெரும்பாலான நாய்கள் ஓய்ந்துவிடுகின்றன.

கடித்தாலும் கீறினாலும்

உரிமையாளரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் குழாயடிக்குப் போங்கள். ஓடும் நீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஈடான முதலுதவி வேறு இல்லை, ஏனெனில் எச்சிலோடு காயத்தில் இறங்கிய வைரஸின் பெரும்பகுதி இந்தக் கழுவலிலேயே போய்விடுகிறது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அதன் பிறகு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடுவார்கள். தோலினுள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி உண்டு. தசையில் போடுவதானால் நாட்கள் மாறும், சீட்டில் எழுதித் தருவார்கள். அறுவடை, கல்யாணம் என்று எந்தக் காரணத்துக்காகவும் இடையில் ஒரு நாளையும் விட்டுவிடக் கூடாது. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டியிருக்கும்; சிறிய நிலையத்தில் அது இல்லையென்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

“எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கோம், நீங்க போட வேண்டாம்” என்று உரிமையாளர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அந்த அட்டையை வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். நாயைப் 10 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்கும்படி உரிமையாளரிடம் சொல்வதும் அவசியம். அந்தப் பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய் இருந்திருக்காது. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நகக்கீறலும், புண்ணில் பட்ட நாவும் இதில் சேரும்.

மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாய் கடித்தது என்பதற்கும், எந்த நாளில் என்பதற்கும் அதைவிட வலுவான தாள் பிறகு கிடைக்காது.

உரிமையாளரிடம் பேசுதல்

இதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. பெரும்பாலும் இங்கேயே காரியம் முடிந்துவிடவும் கூடும். நான் செய்த முதல் தவறு, அம்மா விழுந்த அன்றே, தெருவில் நின்று, நாலு பேர் பார்க்கக் கத்தியது. நாலு பேர் பார்க்கும்போது எந்த மனிதரும் தன் நாயை விட்டுக்கொடுக்க மாட்டார். நம் ஊர்களில் தெருவில் எழுந்த சத்தம் நாய் விஷயமாக நிற்பதும் இல்லை. பழைய வரப்புத் தகராறும், கோயில் முறைத் தகராறும், இந்தத் தெருவா அந்தத் தெருவா என்பதும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இரண்டு மூன்று நாட்கள் கழித்து, மாலை விளக்கு வைத்த பிறகு, அவர் வீட்டுத் திண்ணைக்கு நீங்களே போங்கள். கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்வதானால், இரு வீட்டுக்கும் வேண்டிய பெரியவராக இருக்கட்டும்.

குற்றச்சாட்டில் தொடங்காமல் கோரிக்கையில் தொடங்குவது பயன் தருகிறது. கோரிக்கை அளந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “நாயைப் பார்த்துக்கோங்க” என்பதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் ஒன்றும் மாறாது. நான் இரண்டாம் முறை போனபோது சொன்னது ஏறத்தாழ இப்படி: “அண்ணே, அம்மாவுக்கு மறுபடி விழுந்தா எந்திரிக்க முடியாது. காலைல அஞ்சு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் அத அவுத்து வுடாதீங்க. வெளிய கொண்டுபோகணும்னா கயித்துல புடிச்சு ஆத்தங்கரைப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. வேற ஒன்னும் நான் கேக்கல.” பெரியவரானால் ஐயா, பெண்மணியானால் அத்தை அல்லது அக்கா என்று வழக்கப்படி அழைத்துப் பேசுங்கள், வழக்கமான உறவுமுறையை விட்டுவிட்டுத் திடீரென்று “சார்” என்று அழைத்தால், பேச்சு தொடங்கும் முன்பே பகை அறிவித்ததுபோல் ஆகிவிடும்.

அவர் “அது ஒன்னும் பண்ணாது” என்றுதான் பதில் சொல்வார். அதை மறுத்து, “பண்ணும்” என்று வாதாட வேண்டாம். அந்த வாதத்துக்கு முடிவே இல்லை. “உங்களுக்கு அது தெரியும்ணே, எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியாதே” என்று சொல்லிவிட்டு, கடியைத் தவிர வேறு என்னென்ன நேரலாம் என்பதைச் சொல்லுங்கள்: வண்டிக்குக் குறுக்கே ஓடினால் விழுபவர், பயந்து வாய்க்காலில் இறங்கும் குழந்தை, கர்ப்பிணி, நாயைக் கண்டாலே நடுங்குபவர். 2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதை அநேகமாக எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவையும் ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்தவைதாம்.

இதைவிட வலுவாக வேலை செய்தது வேறொன்று. அவருக்கு அந்த நாயின் மேல் உயிர். அவிழ்த்துவிட்ட நாய்க்கு இந்தப் படுகையில் என்னென்ன காத்திருக்கின்றன என்பதை அவரோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தேன். சம்பா வயலில் எலிக்கு வைக்கும் நச்சு உணவு, அந்த எலியையே கவ்வும் நாயையும் கொல்லக்கூடியது. சட்டத்துக்குப் புறம்பாக வரப்பில் இழுக்கப்படும் மின்கம்பி மனிதரையே கொன்றிருக்கிறது. வைக்கோற்போருக்கு அடியில் கண்ணாடி விரியன் இருக்கும். இரவில் நெல் ஏற்றிய லாரிகள் ஓடும். தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தால் கடிபட்டு வெறிநோயைக் கொண்டுவரக்கூடும். தீபாவளி வெடிக்கு மிரண்டு அவிழ்ந்து ஓடிய நாய் திரும்பி வராமற்போன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. இதையெல்லாம் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. என் அம்மாவின் கைக்கட்டைக் கண்டபோது மாறாத முகம் அது என்பதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, ஆனாலும் மாறியது.

பேசப் போகும்போது கையில் ஒரு கயிறு கொண்டுபோகலாம் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். நான் கொண்டுபோனேன். பட்டையாகப் பின்னிய, ஐந்தாறு அடி நீளமுள்ள நைலான் வாரும், பெரிய நாயானால் கழுத்தை நெரிக்காத மார்புப்பட்டையும் போதும். இழுத்துப் பழகிய நாயைச் சங்கிலியில் பிடித்தால் பிடிப்பவரின் உள்ளங்கை கிழிந்துவிடும். அதனாலேயே பலர் அவிழ்த்துவிடும் பழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஆடிப்பெருக்கன்று படித்துறைக்கும், ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்கும், தேரோட்டத்துக்கும் நாயை அழைத்துவருவதையே விட்டுவிட வேண்டும். தவிர்க்க முடியாமல் பெரிய நாய் ஒன்றைக் கூட்டத்தின் வழியே கொண்டுபோக நேர்ந்தால், கதிரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவதுபோல் வாய்க்கூடையும் கட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை சில. கல்லெறிவது, சுடுநீர் ஊற்றுவது, விஷம் வைப்பது எதுவும் கூடாது. விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதற்கும் மேலாக, குற்றம் செய்தவர் உரிமையாளராக இருக்க, தண்டனை நாய்க்குப் போகிறது. தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் வீட்டுப் படத்தைப் போட்டு இழிவுபடுத்துவதும் வேண்டாம். அதன் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அடைபட்டுவிடும்.

பேச்சு பலிக்காதபோது

இரண்டு முறை நேரில் சொல்லியும் மாறவில்லையென்றால் எழுத்துக்கு வந்துவிடுங்கள். சட்டத்தில் இதற்கு நேரடியான இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆபத்து நேரக்கூடும் என்பதே போதும். உங்கள் குறிப்பேட்டின் பயன் இங்கேதான் தெரியும்.

மனுவை முதலில் உள்ளாட்சியிடம் கொடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற மாநகராட்சிகளில் ஆணையருக்கும் மாநகர் நல அலுவலருக்கும், நகராட்சியில் ஆணையருக்கும், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும், கிராமத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். நாய் வளர்க்க உரிமம் பெற்றிருக்கிறாரா என்பதையும் நகர்ப்புற அலுவலகத்தில் கேளுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

“ஐயா, எங்கள் தெருவில் வசிக்கும் இன்னார், தம் வீட்டில் வளர்க்கும் பழுப்பு நிற, கழுத்தில் சிவப்புப் பட்டையுள்ள ஆண் நாயை நாள்தோறும் காலை 5 மணி முதல் 6 மணி வரை கயிறின்றித் தெருவில் விட்டுவிடுகிறார். இந்த நாயால் இன்ன தேதியில் இன்னார் கீழே விழுந்து எலும்பு முறிந்து சிகிச்சை பெற்றார். இன்ன தேதிகளில் பள்ளி மாணவர்கள் துரத்தப்பட்டனர். இருமுறை நேரில் கேட்டுக்கொண்டும் பயனில்லை. பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்லவும், தடுப்பூசிச் சான்றைக் காட்டவும் அவருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். மருத்துவச் சீட்டின் நகலும், குறிப்புகளின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.”

இதில் நாயைக் கொல்லவோ பிடித்துப் போகவோ கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் தெருவில் உள்ள பாதிப் பேர் கையெழுத்திட மாட்டார்கள், நானும் இடமாட்டேன். ஐந்தாறு வீட்டார் கையெழுத்திட்ட மனு தனிமனிதர் மனுவைவிட வேகமாக நகரும்; ஒரே குடும்பத்துப் பகை என்று தள்ளிவிடவும் முடியாது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராமங்களில் இன்னொரு நல்ல வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. அங்கே குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லிப் பேசாமல், ஊரில் வளர்ப்பு நாய்களைப் பொது இடத்தில் கயிற்றில்தான் கொண்டுசெல்ல வேண்டும், ஊர் நாய்கள் அனைத்துக்கும் கால்நடை மருந்தகத்தின் மூலம் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும் என்று பொதுவான தீர்மானமாகக் கொண்டுவந்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டிக் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். அந்த முகாமை ஊருக்குக் கேட்டுப் பெறலாம்.

உள்ளாட்சி அசையவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டமும், முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணும் உண்டு. கடித்திருந்தாலோ விழுந்து காயம் பட்டிருந்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்குங்கள். பல இடங்களில் காவலர் அழைத்து ஒருமுறை கேட்டாலே கயிறு வந்துவிடுகிறது. அதற்கும் அடங்காத, பலரைக் கடித்த நாயின் விஷயத்தில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியர், அபாயகரமான விலங்கை அடைத்துவைக்கும்படி உரிமையாளருக்கு உத்தரவிடலாம். கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற இடங்களில் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. அந்தப் பிரிவு விலங்கை அழிக்கவும் இடம் தருவதால், மனுவில் “அடைத்துவைக்க” என்ற சொல்லைத் தெளிவாக எழுதுங்கள்.

கிடையும் கடற்கரையும்

அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் வளர்ப்பு நாய் இரவில் குட்டிகளைக் கடித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உதவ நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, செத்த குட்டியைப் புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனைச் சான்று வாங்கித் தருவதே. சான்று இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நட்டஈடு கேட்க முடியும். இல்லையென்றால் நரி என்பார்கள். வாத்து மேய்ப்பவர்களுக்கும் இதே வழிதான்.

நாகை, மயிலாடுதுறைக் கடற்கரைகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. இரவில் அவிழ்த்துவிட்ட நாய்கள் அந்தக் குழிகளைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடும். கோடியக்கரைச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் துரத்தப்படுவது வெளிமானும் புள்ளிமானும். இவ்விடங்களில் புகார் வனத்துறைக்குப் போக வேண்டும்.

கட்டத் தொடங்கிய பிறகு

மனு கொடுத்த வேகத்தில் பலர் நாயை இருபத்துநான்கு மணி நேரமும் சங்கிலியில் போட்டுவிடுகிறார்கள். அது இரவெல்லாம் ஊளையிடும். ஒருநாள் சங்கிலி அறுந்தால் முன்னைவிட மூர்க்கமாக ஓடிவரும். எப்பொழுதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே கட்டச் சொன்ன நமக்கு, அது ஓடுவதற்கு ஓர் இடம் காட்டும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன். தை, மாசியில் அறுவடையான வயலில், உளுந்து தெளிக்காத துண்டாகப் பார்த்து, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, முப்பது அடி நீளக் கயிற்றில் ஓடவிடலாம். சுற்றுச்சுவர் உள்ள கொல்லையானால் கயிறும் வேண்டாம். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் ஊர் சுற்றும் ஆசை குறையும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதைப் பற்றிக் கேட்கலாம்.

எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் இப்பொழுது காலை ஐந்தேகாலுக்கு அந்த லாப்ரடாரை வாரில் பிடித்து, எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, குடமுருட்டிப் பாலத்தின் பக்கம் அழைத்துப் போகிறார். பாலம் வருவதற்குள் அது மூன்று முறை இழுக்கிறது. அவர் மூன்று முறையும் நின்று, அது இழுப்பதை விட்ட பிறகே அடுத்த அடி வைக்கிறார். அம்மா கோலம் போடும்போது இன்னும் ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக்கொண்டுதான் குனிகிறார்.